முதலில் பம்ப், அப்புறம் பிராணாயாமம்

ஆஸ்துமாக்காரர்களுக்கு அறிவுரைக்கு மட்டும் பஞ்சமே வராது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து லேசாக ஒரு இருமல் இருமினால் போதும். இடப்பக்கம் இருப்பவர் தூதுவளை ரசம் என்பார், வலப்பக்கம் இருப்பவர் ஆடாதோடைக் கஷாயம் என்பார், எதிர் வரிசையிலிருந்து ஒருவர் ஹைதராபாத்தில் ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் விரால் மீன் மருந்தைப் பற்றி ஆரம்பிப்பார். பரிமாற வந்த பையன்கூட "மேடத்துக்குத் தயிர் வேணாம்" என்று தானே முடிவு செய்துகொண்டு அடுத்த இலைக்கு நகர்ந்துவிடுவான்.

சின்ன வயதிலிருந்தே இந்த நோயோடு குடும்பம் நடத்துகிறவள் நான். தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. இன்ஹேலரும் எடுக்கிறேன், மூச்சுப் பயிற்சியும் தளர்வுப் பயிற்சியும் செய்கிறேன். "ரெண்டுல எது டீச்சர் உங்களுக்குக் கேட்குது?" என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டும் கேட்கிறது. ஆனால் இரண்டும் செய்வது வேறு வேறு வேலை. அது தெரியாமல் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைப்பவர்கள்தான் நடுராத்திரியில் ஆட்டோ தேடி ஓடுகிறார்கள்.

மருந்து என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்குகிறது, சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது, போதாததற்குக் கெட்டிச் சளி வேறு வந்து அடைக்கிறது. பலர் கையில் வைத்திருக்கும் நீல பம்பில் இருப்பது சால்பியூட்டமால். அது தசையைத் தளர்த்தும், சில நிமிஷத்தில் மூச்சு வரும், நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடாது. வீக்கத்தைக் குறைப்பது புடெசொனைடு, ஃப்ளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர். அதை நன்றாக இருக்கும் நாளிலும் எடுக்கவேண்டும் என்பதுதான் யாருக்கும் மனசு ஒப்பாத விஷயம். "இழுப்புதான் இல்லையே, எதுக்கு மருந்து?" என்று நிறுத்திவிட்டு, வந்தபோது நீலத்தை அடித்துக்கொள்வார்கள். நீலத்தை மட்டும் நம்பிக் காலம் தள்ளக் கூடாது என்று உலக அளவிலான ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019-இல் திட்டவட்டமாகவே சொல்லிவிட்டது. 200 டோஸ் நீல பம்ப் ஒரு வருஷத்தில் மூன்று காலியாகிறது என்றாலே ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, பெரிய இழுப்பு வரும் ஆபத்து கூடியிருக்கிறது என்று அர்த்தம். மாதம் ஒன்று என்று போனால் உயிருக்கே ஆபத்து. இப்போது பலருக்கு புடெசொனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்த ஒரே இன்ஹேலரைத் தினசரிக்கும் அவசரத்துக்கும் எழுதித் தருகிறார்கள். எனக்கும் அதுதான்.

இதில் பெரிய தடை பயம். தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கும் என் பெரியம்மா போன் செய்யும்போதெல்லாம் கேட்பாள்: "ஏண்டி, இன்னும் அந்த பம்பை விடலையா? பழகிடுச்சுன்னா அப்புறம் அது இல்லாம மூச்சே வராதுடி." இவளே வீசிங் வந்தால் மாத்திரை போட்டுக்கொள்கிறவள். அவளுக்கு நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு பஃப் சால்பியூட்டமால் 100 மைக்ரோகிராம். அதே மருந்து மாத்திரையாக 4 மில்லிகிராம். ஒரு மாத்திரையில் நாற்பது பஃப் மருந்து. அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கடைசியில்தான் நெஞ்சுக்கு வரும். கை நடுக்கமும் படபடப்பும் சும்மா வருவதில்லை. ஸ்டீராய்டும் அப்படித்தான். காலை, இரவு 200 மைக்ரோகிராம் உறிஞ்சினால் நாளுக்கு 400. இழுப்பு முற்றி ஆஸ்பத்திரிக்குப் போனால் கொடுக்கும் பிரெட்னிசோலோன் 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். இரண்டுக்கும் வீரியம் வேறு என்பதால் நேருக்கு நேர் ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் எதற்குப் பயப்படவேண்டும், எதற்குப் பயப்படவேண்டாம் என்று அந்த எண்களே சொல்லும். இன்ஹேலர் ஸ்டீராய்டில் அடிக்கடி வரும் தொந்தரவு வாய்ப்பூஞ்சையும் தொண்டைக் கரகரப்பும். எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான், அதனால் இதில் சமரசமே கிடையாது.

பம்பை எப்படி இழுப்பது என்பதை நம் ஊரில் யாரும் நின்று நிதானமாகச் சொல்லித் தருவதில்லை. டாக்டருக்கு வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள், மருந்துக் கடைப் பையனுக்கு அடுத்த சீட்டு. எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவர் பம்ப் அடித்தால் உதட்டோரம் வெள்ளையாகப் புகை சுருண்டு வெளியே வரும். அந்தப் புகைதான் மருந்து. வெளியே தெரிந்தால் உள்ளே போகவில்லை. குலுக்கவேண்டும். உள்ளே இருக்கும் மூச்சை முழுக்க வெளியே விடவேண்டும். உதட்டை இறுக்கிப் பிடித்து, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போது அழுத்தவேண்டும். அழுத்திய பிறகும் இழுப்பதைத் தொடரவேண்டும், நிதானமாக. பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து வைக்கவேண்டும். கையும் மூச்சும் ஒத்துவராதவர்களுக்கு ஸ்பேசர் இருக்கிறது, அந்த நீளமான பிளாஸ்டிக் குடுவை. குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். நான் வீட்டில் எப்போதும் அதில்தான் எடுக்கிறேன். மருந்து தொண்டையில் ஒட்டாமல் நெஞ்சுக்குப் போவது அதில்தான் அதிகம்.

கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் ரோட்டாஹேலருக்கு விதி நேர்மாறு. அதில் வேகமாக, பலமாக இழுக்கவேண்டும், மெதுவாக இழுத்தால் பவுடர் அப்படியே தங்கிவிடும். எதிர் வீட்டுத் தாத்தா ஒருவர் அந்தக் கேப்ஸ்யூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தார். "கேட்கவே இல்லையேம்மா, டாக்டரை மாத்தணும்" என்று என்னிடம் புலம்ப வந்தபோதுதான் தெரிந்தது. டாக்டரை மாற்றுவதற்கு முன்னால், அடுத்த முறை போகும்போது பம்பையும் எடுத்துப்போய் அவர் எதிரிலேயே ஒரு தடவை எடுத்துக் காட்டுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

இனி தளர்வுப் பயிற்சிக்கு வருகிறேன். அதற்கு முன் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லவேண்டும், என் மொத்தப் பார்வையும் அதில்தான் நிற்கிறது. 2011-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஹார்வர்டின் டெட் கேப்சக் அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர். ஆஸ்துமா நோயாளிகளுக்கு வெவ்வேறு நாளில் நான்கு விதமாகச் செய்தார்கள்: நிஜ சால்பியூட்டமால் பம்ப், மருந்தே இல்லாத பொய் பம்ப், குத்துவது போல நடித்த பொய் அக்குபங்சர், எதுவும் செய்யாமல் சும்மா உட்காரவைப்பது. எப்படி இருக்கிறது என்று கேட்டால் நிஜ பம்புக்கு 50 சதவீத முன்னேற்றம் என்றார்கள். பொய் பம்புக்கு 45, பொய் அக்குபங்சருக்கு 46, சும்மா இருந்ததற்கு 21. முதல் மூன்றுக்கும் அவர்கள் வாயால் வித்தியாசமே இல்லை. ஊதச் சொல்லி அளந்து பார்த்தபோது, ஒரு நொடியில் வெளியேறும் காற்று நிஜ பம்புக்கு 20 சதவீதம் கூடியிருந்தது. மற்ற மூன்றுக்கும் சுமார் 7.

இதைச் சிலர் மாற்று மருத்துவத்தைக் கேலி செய்ய எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிம்மதி என்பது பொய்யில்லை, நோயாளிக்கு அது பெரிய விஷயம். ஆனால் நிம்மதி வந்ததாலேயே குழாய் திறந்துவிட்டது என்று ஆகாது. நெஞ்சு சொல்வதும் குழாயின் நிலையும் ஒன்றல்ல. பயிற்சி முடிந்து லேசாக உணர்கிறீர்கள், குழாய் பாதி மூடியே இருக்கிறது என்றால், அந்த லேசான உணர்வே ஆபத்து.

அதனால்தான் என்னிடம் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. சில நூறு ரூபாய்க்கு மருந்துக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழல், ஓரத்தில் அளவுகோலும் நகரும் ஒரு முள்ளும். நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்து, ஒரே ஊதாகப் பலமாக ஊதவேண்டும். மூன்று முறை ஊதி அதிகமானதை எழுதிக்கொள்ளவேண்டும். நன்றாக இருக்கும் காலத்தில் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதிப் பார்த்தால் நம்முடைய உச்ச அளவு தெரியும். என்னுடையது 380. அதில் 80 சதவீதம் கிட்டத்தட்ட 300, பாதி 190. அந்த இரண்டு இடத்திலும் நெயில் பாலிஷால் கோடு போட்டிருக்கிறேன், மேலே பச்சை, கீழே சிவப்பு. 300-க்கு மேல் என்றால் வழக்கம்போல. நடுவில் என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுப்படி மருந்தைக் கூட்டவேண்டும். 190-க்குக் கீழே என்றால் மருந்து எடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவேண்டும்.

இந்தக் குழல் எனக்குக் கற்றுக்கொடுத்தது நிறைய. இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்றால் எனக்கு மூச்சு முட்டும், விரல் நுனி மரத்துப்போகும், கொட்டாவி கொட்டாவியாக வரும். ஊதினால் 360. அது ஆஸ்துமா இல்லை, பதற்றத்தில் தேவைக்கு மேல் மூச்சு வாங்குவது. அதற்கு பம்ப் அடித்துப் பயனில்லை, படபடப்புதான் கூடும். அங்கே மூச்சுப் பயிற்சிதான் மருந்து. இன்னொரு நாள், உப்புப் பகுப்பாய்வு செய்முறை நடந்த சாயங்காலம். அடர் கந்தக அமிலத்தை ஊற்றி மாணவர்கள் கிளப்பிய புகை லேப் முழுக்க. யோகா வகுப்புக்குப் போய் அரை மணி நேரம் யோக நித்திரை செய்து எழுந்தபோது உடம்பு பஞ்சாகியிருந்தது. வீட்டுக்கு வந்து ஊதினால் 240. பம்ப் எடுத்துக்கொண்டு, அன்றிரவு சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்கினேன்.

பயிற்சிகளில் எனக்கு ஒத்துவந்தவை சில. முதலாவது ரொம்பச் சாதாரணம்: மேஜை மேல் முழங்கையை ஊன்றி முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்து, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடுவது. விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கவேண்டும். ஆஸ்துமாவில் காற்று உள்ளே போவதைவிட வெளியே வருவதற்குத்தான் திண்டாட்டம். அவசரப்பட்டு இழுத்துக்கொண்டே போனால் பழைய காற்று உள்ளே தங்கி நெஞ்சு இன்னும் விம்மும்.

புட்டெய்கோ என்று ஒரு முறை இருக்கிறது. கான்ஸ்டான்டின் புட்டெய்கோ என்ற சோவியத் மருத்துவர் 1950-களில் கொண்டுவந்தது. மூச்சைக் குறைத்து, மூக்கால் மட்டும், மென்மையாக விடச் சொல்லும். அவருடைய கொள்கையில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. ஆனால் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அவசர பம்பின் தேவை குறைந்திருக்கிறது, நோயாளிகள் நிம்மதியாக இருந்திருக்கிறார்கள். நுரையீரலின் அளவு மட்டும் பெரிதாக மாறவில்லை. யோகாவைப் பற்றிய ஆய்வுத் தொகுப்புகள் சொல்வதும் ஏறத்தாழ இதுவேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவருடையது. 1929-இல் இதைப் புத்தகமாகவே எழுதினார். ஒரு தசையை வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இறுக்கத்துக்கும் தளர்வுக்கும் உள்ள வித்தியாசத்தை உணர்வது. பாதத்தில் ஆரம்பித்துத் தாடைவரை வருவேன். இழுப்புக்காரர்களின் தோள்பட்டை காதுவரை ஏறியே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நெஞ்சு திணறும்போது கழுத்துத் தசையையும் தோளையும் இரவல் வாங்கி மூச்சு விட்டு விட்டு அது அப்படியே நின்றுவிடும். தோளைக் காதுவரை தூக்கி, அஞ்சு எண்ணி, பொத்தென்று விடும்போதுதான் அத்தனை நாள் எதைத் தூக்கிக்கொண்டு திரிந்தோம் என்றே தெரியும். இதில் இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். இறுக்கும்போது மூச்சைப் பிடிப்பதில்லை. நெஞ்சையும் வயிற்றையும் இறுக்குவதை விட்டுவிட்டேன்.

சவாசனத்தில் மல்லாந்து படுப்பது இழுப்பு இருக்கும் நாளில் ஆகாது, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளலாம். கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமான பிராணாயாமத்தை வீசிங் இருக்கும்போது யார் சொன்னாலும் செய்யாதீர்கள். வேகமாகப் போய்வரும் வறண்ட காற்றே குழாயைச் சுருங்க வைக்கும். யோகா வகுப்பின் ஜமக்காளத்தையும் நம்பவேண்டாம், அதில் தூசிப்பூச்சி ஏராளமாகக் குடியிருக்கும். சொந்த விரிப்பு, வெந்நீரில் துவைத்தது, அதுதான் சரி. ஊதுபத்தி இன்னொரு தொல்லை.

"மாஸ்டர், அந்த ஊதுபத்தியை மட்டும் அணைச்சிடுங்களேன்" என்றேன் முதல் வாரமே.

"அது மனசை அமைதிப்படுத்தும்மா."

"மனசு அமைதியாகுது மாஸ்டர். நெஞ்சுதான் கேட்க மாட்டேங்குது."

சிரித்துவிட்டு அணைத்தார். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், கற்பூரம், வாசனை எண்ணெய் விளக்கு எல்லாம் இதே ஜாதி. அமைதி தருவதாகச் சொல்லி விற்கிற எதையும் முதலில் முகர்ந்து பார்த்து, அன்றைக்கும் மறுநாளும் மீட்டரில் ஊதிப் பார்த்த பிறகே வீட்டுக்குள் விடுகிறேன்.

மூலிகையை நான் ஒதுக்கவில்லை. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கினால் 1928-இல் காசநோய் சானடோரியமாகத் தொடங்கிய அரசு நெஞ்சக மருத்துவமனையும், 2005-இல் வந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் அக்கம்பக்கம். இரண்டு வாசலிலும் சீட்டு வாங்கியவள் நான். ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளைப் பின்பற்றித்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தே உருவானது, இருமல் சிரப் பாட்டிலில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். சளியை இளக்க அது சரி, இறுகிய குழாயைத் திறக்கும் வேலைக்கு அதை நம்ப முடியாது. ஒன்று மட்டும் செய்யுங்கள்: சித்த மருத்துவரிடம் இன்ஹேலரைச் சொல்லுங்கள், நெஞ்சு டாக்டரிடம் கஷாயத்தைச் சொல்லுங்கள். லேபிள் இல்லாத பொட்டலப் பவுடரை வாங்கவே வாங்காதீர்கள். ஒரே நாளில் அற்புதமாகக் கேட்டு, பசி பிய்த்துக்கொண்டு வந்து, முகமும் உப்ப ஆரம்பித்தால், அதில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம். ஹைதராபாத் மீன் மருந்துக்கு ஜூனில் போய்வந்த சக ஆசிரியை ஒருவர் மன நிறைவோடு திரும்பினார். நான் சொன்னது ஒன்றுதான்: "பம்பை நிறுத்திடாதீங்க டீச்சர்."

பெரிய இழுப்பு வந்தால் வரிசை மாறக் கூடாது. நிமிர்ந்து உட்காரவேண்டும். ஸ்பேசரில் மருந்து, ஒவ்வொரு பஃப்பாக, டாக்டர் எழுதிய அளவுக்கு. அதன் பிறகுதான் உதடு குவித்த மூச்சும் தோள் தளர்வும். அது பயத்தைக் குறைக்க. ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு நடுவே சதை உள்ளே இழுக்கிறது, உதடு நீலம் பாரிக்கிறது என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வரும்வரை மருந்தைத் தொடரவேண்டும். வீசிங் சத்தம் திடீரென்று நின்றுபோனால் சந்தோஷப்படாதீர்கள், காற்றே போகவில்லை என்றாலும் சத்தம் நிற்கும். எங்கள் வீட்டில் இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம். எனக்கு மூச்சு முட்டும்போது நானே வகுப்பெடுக்க முடியாதே.

போகிக்கு முந்தின வாரம் புது இன்ஹேலர் ஒன்று கூடுதலாக வாங்கிவைப்பேன். அன்றைக்குக் காலையில் புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானமே தாமதமாகிற வருஷமெல்லாம் உண்டு, நாம் எம்மாத்திரம். ஜன்னலைச் சாத்திவிட்டு வாக்கிங்கை ரத்து செய்வதுதான் அன்றைய யோகா.

கடைசியாக, பலரும் யோசிக்காத ஒன்று. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் சிலருக்கு இழுப்பைக் கிளப்பும். ரத்தக் கொதிப்புக்கும் படபடப்புக்கும் கொடுக்கும் ப்ரொப்ரனலால் வகை மாத்திரைகளும் அப்படியே. கண்ணில் விடும் சொட்டு மருந்துகூடச் செய்யும் என்றால் நம்புவீர்களா? பெரியம்மாவுக்குக் கண் அழுத்தத்துக்காக டிமோலால் சொட்டு மருந்து எழுதியிருந்தார்கள். கண்ணில் விட்டது ரத்தத்தில் கலந்து நெஞ்சை இறுக்க, இரவெல்லாம் இருமல். சீட்டை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பார்த்து, கண் டாக்டரிடம் வீசிங் இருக்கிறது என்று சொல்லச் சொன்னேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார், இருமல் அடங்கியது. பம்பைப் பற்றிய பெரியம்மாவின் கருத்து மட்டும் இன்னும் மாறவில்லை. ஆனால் இப்போது கண்ணோ பல்லோ முழங்காலோ, எந்த டாக்டரிடம் போனாலும், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே "எனக்கு இழுப்பு இருக்கு சாமி" என்று சொல்லிவிடுகிறாள்.